சதை போட்ட காலம்

மதுரை ஜங்ஷன் நடைமேடையில் கலர் கலராக விளக்குச் சுழல நின்றிருந்த எடை பார்க்கும் இயந்திரத்தை, எழுபதுகளிலோ எண்பதுகளிலோ அந்த வழியாக ரயிலேறிய யாரும் மறந்திருக்க முடியாது. உள்ளேயிருந்த சக்கரம் சுற்றி ஓயும்வரை மூச்சை அடக்கி நின்று, காசைப் போட்டு, ‘டக்’கென்று விழும் தடித்த அட்டைச் சீட்டை எடுத்ததும், எடையைப் பார்ப்பதற்கு முன்னால் மறுபக்கம் எந்த நடிகை என்றுதான் பார்ப்போம், அவளைப் பார்த்த பிறகு நம்மைப் பற்றி எழுதியிருக்கும் ஒரு வரி ஜோசியம், கடைசியில், போனால் போகிறதென்று, எடை. 1983-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் புறப்பட்ட ராத்திரி, பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அந்த இயந்திரம் எனக்கு 48 கிலோ என்று சீட்டுக் கொடுத்தது. கூட வந்திருந்த பத்துப் பேரில் ஒருவரும் அதைக் கேட்டுப் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வயதுப் பையன்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்; சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம், மாட்டினால் சட்டை மட்டும்தான் தெரியும்.

வறுமை என்று எழுதினால் உருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் பட்டினி கிடையாது. உள்ளே போனது கொஞ்சம், கால் வழியாக வெளியே போனது நிறைய, அவ்வளவுதான் விஷயம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் ஓட்டித் தேய்த்த சைக்கிளில் போய்வந்தேன்; ஆடி மாதம் பிறந்துவிட்டால் மலையிறங்கி வரும் காற்று எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும், மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், சாயங்காலம் திரும்புகையில் அதே காற்று மனம் மாறி முதுகைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும், அந்த ஓசிச் சவாரிக்காகவே காலைப் பாட்டைப் பொறுத்துக்கொள்வோம். பிறகு உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியில் புகுமுக வகுப்பு, மதுரையில் பொறியியல். படிப்பு ஏறியதே தவிர உடம்பு ஏறவில்லை. விடுமுறைக்கு வந்தால் தோட்ட வேலை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிமிர முடியாமல் குனிந்தே நடந்து, குலை வெட்டுகிற சாக்கில் வாய் நிறையப் பன்னீர் திராட்சையைப் போட்டுக்கொண்டு, கொட்டையை யார் அதிக தூரம் துப்புவது என்று பந்தயம் வைப்போம். 2023-ல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, கொட்டை துப்பும் கலைக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. இப்போதைய பிள்ளைகளுக்குக் கொட்டையில்லாத திராட்சைதான் வேண்டும், துப்புவதற்கு அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.

1895-ல் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டதில் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி நெல்வயலானது. இன்றைய கணக்கில் இருபோக நிலம் 14,707 ஏக்கர். எங்கள் பங்குக்கு வாய்த்ததில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர் ஏறாத மேட்டுக்காடு. ஆகவே வீட்டுக் குலுக்கையில் கம்பு, சோளம், கேப்பை. ராத்திரி ஆக்கிய கம்மஞ்சோறு காலையில் கூழாகும், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ வெஞ்சனமாக வரும், பொழுது சாய்ந்தால் கேப்பைக்களியும் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும். நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு. விருந்தாளி தலை தெருமுனையில் தெரிந்தால் அப்பத்தா களிச்சட்டியை முறத்தால் மூடி அடுப்படி மூலைக்குத் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டில் அரைப்படி அரிசி கைமாத்து வாங்க என்னைக் கொல்லைப்புறமாக அனுப்புவாள். களியைச் சாப்பிடுவது அவமானமில்லை, பார்க்கப்படுவதுதான் அவமானம். அந்தச் சட்டி பின்னாளில் எங்கெல்லாம் போய்த் தலைநிமிரப் போகிறது என்று அவளுக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனுக்கு வெயில் ஆகாது என்று மோர் கொடுத்திருப்பாள்.

புறப்படும்போது அமெரிக்க விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 32 கிலோ. ஆக, ஆளைவிடச் சாமான் கனம். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், போடி ஏலக்காய், முறுக்கு டின் என்று அம்மா அடுக்கிய பெட்டிகளைக் கம்பத்திலிருந்து பஸ்ஸில் ஏற்ற முடியாமல் தேனிவரை ஒரு வேனில் கொண்டுவந்து, போடியிலிருந்து வரும் மீட்டர் கேஜ் வண்டியில் ஏற்றினோம். ஆண்டிபட்டிக் கணவாயில் அந்த வண்டி முக்கி முனகி ஏறும் வேகத்துக்கு, இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். எங்களுக்குக் கோபம் வரும், உண்மைதான் என்பதால் கூடுதலாக வரும். 1928-ல் வந்த அந்த ரயிலை 2010 கடைசியில் நிறுத்தி, அகலப் பாதையாக்கி, தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வேகமாகத்தான் போகிறது. வெள்ளரிப்பிஞ்சும் அவித்த கடலையும் ஜன்னல் வழியே பேரம் பேசி வாங்கி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது, அது ஒன்றுதான் குறை.

படிக்கப் போன இடம் அயோவா. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். சோளத்திலிருந்து தப்பித்து உலகத்தின் மறுகோடிக்குப் போய்ச் சோளக்காட்டின் நடுவிலேயே இறங்கியவன் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அங்கே அதைப் பெரும்பாலும் பன்றிக்கும் மாட்டுக்கும் போடுகிறார்கள் என்பதை மட்டும் அப்பத்தா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்துவிட்டால் அளவு கிடையாது, மறுசோறு கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, பரிமாறுகிற அத்தைமாரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குழாயைத் திருகினால் பால், இன்னொன்றைத் திருகினால் ஐஸ்கிரீம். தீபாவளிக்கும் கிடாவெட்டுக்கும் மட்டும் கறி பார்த்த நாக்குக்கு, செவ்வாய்க்கிழமை மத்தியானம், எந்தச் சாமியும் கும்பிடாமல், கோழிக்கறி. முதல் சில வாரங்கள் ஏதோ விசேஷ வீட்டில் தவறுதலாக உட்கார்ந்துவிட்டவனாகத்தான் சாப்பிட்டேன், எழுப்பிவிடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம். பிறகு பனி விழத் தொடங்கியது. நடை நின்றது, சைக்கிளுக்கு வேலையில்லை, வெளியே போகாதவனுக்கு உள்ளேயிருக்கும் ஒரே பொழுதுபோக்கு அந்தச் சாப்பாட்டுக்கூடம். பரீட்சை நாட்களில் நள்ளிரவில் பீட்சா சொல்லிவிட்டு ஆளுக்கு இரண்டு டாலர் போட்டுக்கொள்வோம். அம்மாவின் பருப்புப்பொடி அலமாரியில் இருந்தது. வீட்டு நினைப்பு வந்தால் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவைப்பேன், சாப்பிட்டால் தீர்ந்துவிடுமே.

போன புதிதில் அங்கிருந்த மருத்துவ அறையில் ஏறி நின்றபோது எடை 106 என்று காட்டியது. விமானத்தில் சாப்பிட்டதா இவ்வளவு என்று ஒரு கணம் தலை சுற்றியது. பவுண்டு என்று அந்த நர்ஸ் அம்மாள் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. முதலாண்டு மாணவர்கள் பதினைந்து பவுண்டு ஏறுவார்கள் என்று அந்த நாட்டில் ஒரு வாய்மொழி உண்டு. ஆய்வாளர்கள் பிற்பாடு எல்லாக் கணக்கையும் கூட்டிப் பார்த்ததில் சராசரி மூன்று பவுண்டுதான் தேறியதாம். அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

எனக்கு முந்திய தலைமுறைகளின் கதையே வேறு. 1888-ல் லண்டனுக்குப் போன காந்தி, தாயாருக்குக் கொடுத்த வாக்குக்காக வெந்த கீரையையும் ரொட்டியையும் ஜாமையும் தின்று, அரைவயிற்றோடு தினமும் மைல்கணக்கில் நடந்தவர். 1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போன ராமானுஜன் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். மெட்ராஸிலிருந்து வரும் மளிகைப் பார்சலை நம்பியிருந்த மனிதருக்கு அந்த வருஷமே உலகப் போர் வந்து சேர்ந்தது. ஒருமுறை தன் அறைக்கு அவர் விருந்துக்கு அழைத்திருந்தவர்கள் ரசத்தை மூன்றாந்தரம் வேண்டாம் என்றதும், மனம் புண்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஆக்ஸ்போர்டுக்கு ரயிலேறிவிட்டார் என்பார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும்; அப்புறம், அந்த ஒரு சட்டி ரசத்துக்கு எத்தனை வாரம் புளியை மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அவர்களெல்லாம் வெளிநாட்டுக்குப் போய் இளைத்தார்கள். போய்ப் பெருத்தவர்கள் என்ற வகுப்பைத் தொடங்கி வைத்தது எங்கள் செட்டு.

பெருத்ததை ஊர் எப்படிக் கொண்டாடியது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷ முடிவில், பனிக்காலக் கோட்டோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். களி உருண்டை மாதிரி இரண்டு கன்னம், நடுவில் மூக்கு எங்கேயோ இருந்தது. நீலநிற ஏர்மெயில் தாளில் அண்ணன் எழுதிய பதிலின்படி, அம்மா அதைப் பார்த்ததும் ஆனந்தத்தில் அழுதுவிட்டாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. “பயபுள்ள என்னமா சதை போட்டுட்டான், சீமைத் தண்ணி ஒத்துக்கிருச்சு” என்று தீர்ப்பாயிற்று. தபால்காரர்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனாராம். படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் பட்டியலை அனுப்பியபோது வராத பெண் ஜாதகங்கள் அந்தப் போட்டோவுக்கு வந்தன. ஊர் திரும்பி வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒரு கிழவி என் புஜத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, “நல்லா இருய்யா” என்று திருநீறு பூசிவிட்டாள். அன்றைக்கு என் எடை 63. சொந்த உடம்பை ஒரு சாதனையாகச் சுமந்துகொண்டு திரிந்த அந்தப் பையனை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது, ஒரு சட்டைப் பொத்தான் தெறித்ததை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னவன் அவன்.

அண்ணன் மகள் இந்தச் சாதனையைச் சமீபத்தில்தான் உடைத்தாள். ஜெர்மனியில் டோர்ட்முண்டில் படிக்கிறாள். அந்த நாட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது நம் இந்தியப் பிள்ளைகள்தான் முதலிடம், 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49 ஆயிரத்துக்கும் மேல். என் பழைய போட்டோவை அவளுக்கு அனுப்பிப் பெருமையடித்ததற்கு, உயரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் கணக்குப் போட்டு அனுப்பினாள். வெள்ளைக்காரர்களுக்கு உடல் நிறை எண் 25 வரை போகலாமாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004-ல் சொல்லிவிட்டார்களாம். என்னுடையது 23-ஐத் தாண்டிச் சொச்சம். அதாவது அயோவாவில் விமானம் ஏறும்போது சரியாக இருந்த அதே ஆள், மதுரையில் இறங்கும்போது குண்டன். தெருவே கூடி வாழ்த்தியது ஒரு நோயின் தொடக்கத்தை. கூடவே ஒரு படமும் அனுப்பினாள்: புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், இருவருக்கும் உடல் நிறை எண் 22.3, ஆனால் மாரத்தான் ஓடும் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2.

“பாத்தீங்களா சித்தப்பா, நாம ஒல்லியா இருந்தாலே உள்ள கொழுப்புதான்.”

“எங்க வாத்தியாரும் அதத்தாம்மா சொல்வாரு” என்றேன்.

அவள் கதை என் கதைக்கு நேர்மாறு. போன புதிதில் மென்சா என்கிற பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் பாலாடைக்கட்டியுமாகச் சாப்பிட்டு ஒரு பருவம் ஏறியிருக்கிறாள். பிறகு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிநேர வேலையில் சேர்ந்தாள். சைக்கிளில், மழையில், முதுகில் பெரிய சதுரப்பையோடு ஜெர்மானியர்களுக்குப் பீட்சா கொடுத்துவிட்டு, அறைக்கு வந்து தான் சாப்பிடுவது என்ன தெரியுமா? கேப்பைக்களி. அங்கேயுள்ள ஈழத்தமிழர் கடையில் குரக்கன் மா என்று பாக்கெட்டில் கிடைக்கிறதாம். பக்கத்து ஊர் ஹாம்மில், 2002-ல் எழும்பிய காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்குப் போனபோது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கிண்டும் பக்குவம் சொல்லிக்கொடுத்தார் என்கிறாள். எங்கள் வீட்டில் அந்தப் பக்குவம் அப்பத்தாவோடு போய்விட்டது. அம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும், மதினிக்குத் தெரியவே தெரியாது. ஆக, முறத்தால் மூடி மூலையில் தள்ளிய சட்டி இலங்கை வழியாக ஜெர்மனி போய், நாலு நாட்டுப் பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதியின் பொது அடுப்பில் எல்லார் கண்ணுக்கும் தெரிய ஏறியிருக்கிறது. அறைத்தோழி ஒருத்தி, கொலம்பியாக்காரி, இது எந்த ஊர்ப் பணக்காரச் சாப்பாடு என்று கேட்டாளாம்.

போன பொங்கலுக்கு அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து மதினி அழுதாள். “எலும்பும் தோலுமா நிக்கிறாளே, பட்டினி போட்டுத்தான் படிக்க வைக்கிறாங்களா அங்க? நீங்களாவது சொல்லுங்க கொழுந்தனாரே.” நான் பார்த்தவரை பிள்ளை திடமாகத்தான் இருந்தாள், தோளில் சைக்கிள் மிதித்த உறுதி தெரிந்தது. அதே வீடு, அதே திண்ணை, அதே வகைப் போட்டோ. என் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள், இவள் அழுதுகொண்டே அழுகிறாள்.

மதினியையும் குறை சொல்ல முடியாது. அவள் கண்ணுக்குப் பழகிய அளவு மாறிவிட்டது. நாங்கள் சீமைக்குப் போய்ப் போட்ட சதையை, இப்போது சீமைக்குப் போகாமலே, இருந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். குடும்பநல ஆய்வில், 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் கூடுதல் எடை. தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பம்வரை சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வாருங்கள்: சவர்மா, கிரில் சிக்கன், பன் பரோட்டா, ஐஸ்கிரீம், நடுவில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனை, மறுபடியும் பரோட்டா. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு, அந்த வரிசையில் புதிதாக இயற்கை அங்காடிகளும் முளைத்திருக்கின்றன. அப்பத்தா படிக்கணக்கில் அளந்து போட்ட குதிரைவாலியும் சாமையும் கண்ணாடி அலமாரியில் ஏசிக் குளிரில் உட்கார்ந்திருக்கின்றன, விலையைக் கேட்டால் நெல்லுச்சோறே மேல் என்று நடையைக் கட்டத் தோன்றும். நெல்லுச்சோறு ஏழைச்சோறாகிவிட்டதில் அப்பத்தாவுக்கு ஒரு தலைமுறை முழுக்க வீணாய்ப் போனது. கைமாத்து வாங்கிய அரைப்படி அரிசிக்கெல்லாம் யார் நஷ்டஈடு கொடுப்பது?

எனக்கு இந்த முன்னேற்றத்தில் வருத்தமில்லை. யாரும் 48 கிலோவில் கடல் தாண்ட வேண்டியதில்லை என்பது நல்ல செய்திதான், ஆடிக்காற்றை எதிர்த்து மிதித்த சுகத்தைப் பாடுகிறவர்கள் யாரும் இன்று மிதிக்கத் தயாராக இல்லை, நான் உட்பட. ஆனால் டோர்ட்முண்டிலிருந்து எங்கள் சாப்பாட்டுத் தட்டு கண்காணிக்கப்படுவதை மட்டும் இன்னும் பழகிக்கொள்ள முடியவில்லை. அந்தக் காலத்தில் ‘நேரத்துக்குச் சாப்பிடு’ என்று ஊரிலிருந்து கடிதம் போகும். இப்போது ‘ராத்திரி சாப்பிடாதீங்க’ என்று அங்கிருந்து வீடியோ கால் வருகிறது. மதினி இடியாப்பத்தைக் கேமராவுக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு வெள்ளரிக்காயைக் கையில் எடுக்கிறாள். களிச்சட்டியை மூடிய அதே கை வேகம், மருமகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

அண்ணனுக்குத் தண்டனை கொஞ்சம் அதிகம். அவர் சர்க்கரைக் கணக்கைப் பார்த்துப் பயந்து, மகள் அங்கிருந்து ஒரு ஷூவும், கைபேசியில் நடையை எண்ணும் செயலியும் ஏற்பாடு செய்து, தினமும் பத்தாயிரம் அடி என்று உத்தரவு போட்டிருக்கிறாள். ராத்திரி அந்த எண் அவளுக்குப் போய்ச்சேர வேண்டும். முதல் வாரம் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து பதிநாலாயிரம், பதினாறாயிரம் என்று ஏறத் தொடங்கியது, எனக்கே சந்தேகம். ஒருநாள் காலையில் கம்பத்துக்குப் போய்ப் பார்த்தால், அண்ணன் டீக்கடை பெஞ்சில் ஷூவோடு உட்கார்ந்து இரண்டாவது உளுந்தவடையைப் பிட்டுக்கொண்டிருக்கிறார், சட்டைப்பையில் போன் இல்லை. திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆள் இடுப்பில் கட்டிக்கொண்டு போயிருக்கிறான், சாயங்காலம்தான் திரும்ப வரும்.

நான் காட்டிக்கொடுக்கவில்லை, எனக்கும் ஒரு வடை வந்தது. அன்றைக்கு ராத்திரி டோர்ட்முண்டிலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி: “சித்தப்பா, அப்பா இன்னைக்குப் பதினெட்டாயிரம். எனக்கே இங்க அவ்வளவு வரல. நீங்களும் காலையில அவரு கூடப் போங்களேன்.”